போர்வை கொடுத்தோம், சரி. அதனால் என்ன ஆனது என்று எப்படி எழுதுவது?

மேலூர்க்காரன் | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பதினோரு பேர், கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். போன மார்கழிக் கடைசியில் மதுரையைச் சுற்றியுள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றில் 240 போர்வை கொடுத்தோம். ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் என்று முகாம்கள் இருக்கின்றன. எது என்று சொல்லப்போவதில்லை, யாரும் கேட்கவும் வேண்டாம். விளக்குத்தூண் பக்கம் மொத்தக் கடையில் எடுத்த, வடக்கே பானிபட்டிலிருந்து வரும் சரக்கு. ஒன்று 310 ரூபாய். வேன், ஃபிளக்ஸ் எல்லாம் சேர்த்து 78,800 ஆனது.

பணத்தில் பாதி சிங்கப்பூரில் இருக்கும் நண்பன் கொடுத்தது. இந்த வருஷமும் தருகிறேன் என்கிறான். ஆனால், "போன தடவை கொடுத்ததில் என்ன ஆச்சு, ரெண்டு பக்கம் எழுதி அனுப்பு, இங்கே நாலு பேரிடம் காட்டிக் கேட்கிறேன்" என்கிறான். நியாயம்தான். என் கையில் இருப்பது 240 கையெழுத்து உள்ள தாள்கள், 61 ஃபோட்டோ. எழுத உட்கார்ந்தால் "240 பேருக்குக் குளிர்காலப் போர்வை வழங்கப்பட்டது, பயனாளிகள் மகிழ்ச்சி அடைந்தனர்" என்பதற்கு மேல் பேனா நகரவில்லை.

உறுத்தல் வேறு ஒன்றும் இருக்கிறது. பொங்கல் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, நாங்கள் கொடுத்த போர்வை (நீலத்தில் மயில் போட்டது) ஒரு வீட்டு வாசலில் திரையாகத் தொங்கியது. இன்னொரு வீட்டில் ஜிப் பையைப் பிரிக்கவே இல்லை, அப்படியே பீரோ மேல் இருந்தது. இதைத் தோல்வி என்று எழுதுவதா?

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, இரவு 9.58

240 இன்டு 310, 74,400. மீதி 4,400இல் வேன் எவ்வளவு, ஃபிளக்ஸ் எவ்வளவு?

மேலூர்க்காரன் | ஞாயிறு, இரவு 10.03

வேன் 3,200. ஃபிளக்ஸ் 1,200.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, இரவு 10.04

ஃபிளக்ஸுக்கு மட்டும் ஏறக்குறைய நாலு போர்வை விலை. சரி, மேலே பேசுங்கள்.

வைகைக்கரை | திங்கள், காலை 6.15

தம்பி, நான் ஆறு வருஷம் ஜோர்டானிலும் லெபனானிலும் சிரியா அகதிகளுக்கான வேலையில் இருந்தவன். பெரிய பதவி எல்லாம் இல்லை, கிடங்கும் கணக்கும்தான். இப்போது திருநகரில் பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடும் வேலை. உங்கள் கேள்வியை அங்கே பெரிய பெரிய ஆட்களும் கேட்டுத் திணறியிருக்கிறார்கள், அதனால் வெட்கப்பட வேண்டாம்.

ஜோர்டானில் ஜாத்தாரி முகாமை 2012 ஜூலையில் திறந்தார்கள். வெட்டவெளி, கூடாரம். அடுத்த ஜனவரியில் மழை அடித்துக் கூடாரங்களுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. நனைந்த போர்வையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? போர்த்தினால் இன்னும் நடுங்கும்.

அதைவிட உங்களுக்குப் பயன்படுவது லெபனான் கதை. 2013 நவம்பர் முதல் 2014 ஏப்ரல் வரை ஐ.நா. அகதிகள் ஆணையமும் கூட்டாளிகளும் குடும்பத்துக்கு மொத்தம் 575 டாலர் ஏ.டி.எம். அட்டையில் போட்டார்கள். குளிர்காலத்தில் உடம்பு சூடாகவும் காய்ந்தும் இருக்கட்டும் என்பதுதான் நோக்கம். எல்லோருக்கும் கொடுக்கப் பணம் இல்லை. அதனால் கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல் இருப்பவர்களுக்கு மட்டும் என்று ஒரு கோடு போட்டார்கள். உயரம் போகப் போகக் குளிர் கூடும் அல்லவா.

பிறகு இன்டர்நேஷனல் ரெஸ்க்யூ கமிட்டி என்ற உதவி நிறுவனம் இதை ஆய்வு செய்தபோது அந்தக் கோட்டையே பிடித்துக்கொண்டது. கோட்டுக்குச் சற்று மேலே, 500 முதல் 600 மீட்டரில் பணம் வாங்கியவர்கள் ஒரு பக்கம். சற்றுக் கீழே, 450 முதல் 500க்குள் இருந்து பணம் வாங்காதவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு கூட்டத்துக்கும் வாழ்க்கை ஏறக்குறைய ஒன்றுதான், பணம் ஒன்றுதான் வித்தியாசம். கெட்டிக்காரத்தனம்.

என்ன கண்டார்கள் தெரியுமா? பணம் பெரும்பாலும் சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் போய்விட்டது. வாங்கியவர்களில் பாதிப் பேர் கணப்புக்கான எண்ணெய், சாமான் போதவில்லை என்றே சொன்னார்கள். "சூடாக இருந்தார்களா" என்று மட்டும் கேட்டிருந்தால் பாதித் தோல்வி. ஆனால் அதே வீடுகளில் பிள்ளைகள் வேலைக்குப் போவது குறைந்திருந்தது, பள்ளிக்கூடம் போவது கூடியிருந்தது. கடைக்காரர்கள் விலையை ஏற்றிவிடுவார்கள் என்று பயந்தார்கள், அப்படியும் பெரிதாக ஏறவில்லை.

உங்கள் மயில் திரை விஷயத்தில் அவசரப்பட்டுத் தோல்வி என்று எழுதாதீர்கள். அந்த வீட்டுக்காரம்மாவுக்கு எது முதலில் என்று யாராவது கேட்டீர்களா?

பழங்காநத்தம் பாண்டி | திங்கள், காலை 10.30

லெபனானில் பனி விழும். அதையும் மதுரையையும் ஒரே தராசில் வைக்கிறீர்களே அண்ணே. இங்கே மார்கழியிலும் ராத்திரி சராசரியாக 20, 21 டிகிரிதான். நான் அப்போதும் ஃபேன் போட்டுத்தான் தூங்குகிறேன். மதுரையில் "குளிர்கால நிவாரணம்" என்பதே வேடிக்கை. அந்தப் பணத்துக்கு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

தகரக்கொட்டகை | திங்கள், இரவு 11.20

நான் முகாமில் பிறந்தவள். அம்மாவும் அப்பாவும் 1990இல் மன்னாரிலிருந்து படகில் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து இங்கே அனுப்பப்பட்டவர்கள். எனக்கு வருவது மதுரைப் பேச்சு, அம்மாவோடு பேசும்போது மட்டும் "எங்கட", "உங்கட". உங்கள் மயில் போர்வையை நான் பார்த்ததில்லை, வேறு முகாமாக இருக்கும். எங்களுக்கு வந்தது சிவப்பில் ரோஜாப்பூ.

பாண்டி அண்ணா கேட்டதற்குச் சொல்கிறேன். காய்ந்த தரையில், காய்ந்த சட்டையோடு படுத்தால் 21 டிகிரி சுகம்தான். எங்கள் வீடு பத்துக்குப் பத்து, மேலே சிமெண்ட் ஷீட். பெரிய மழை பிடித்தால் முதலில் தண்ணீர் கூரையிலிருந்து வராது, கீழிருந்து வரும். வாசல் சாக்கடை நிரம்பி, தரை முதலில் குளிர்ந்து போகும், பிறகு பாயின் ஓரம் கறுக்கும். அப்பா எழுந்து அரிசி டிரம்மைத் தூக்கிக் கட்டில் மேல் வைப்பார். பள்ளிக்கூடப் பை, ரேஷன் கார்டு, பதிவுத் தாள் எல்லாம் ஒரு பாலித்தீன் பையில் கட்டி ஆணியில் தொங்கும். ஷீட் மேல் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. நாலு பேரும் கட்டிலில் உட்கார்ந்திருப்போம். விடியற்காலம் மழை நின்று ஒரு காற்று அடிக்கும் பாருங்கள், அப்போது பல் தந்தியடிக்கும். அதற்கு மேல்தான் தம்பிக்கு இழுப்பு ஆரம்பிக்கும்.

இந்தக் கூத்தெல்லாம் ஐப்பசி, கார்த்திகையில். மதுரைக்குப் பெரிய மழை அப்போதுதான் கொட்டுகிறது. போர்வை வருவதோ மார்கழிக் கடைசியில், மழை எல்லாம் ஓய்ந்த பிறகு. அடுத்த ஐப்பசி வரை அது பத்திரமாக இருக்க வேண்டும் அல்லவா, அதனால்தான் பையைப் பிரிக்காமல் பீரோ மேல். இன்னொரு காரணமும் உண்டு. விருந்தாளி வந்தால் கொடுக்க ஒரு நல்ல போர்வை இல்லாத வீடு எங்கள் வரிசையில் நிறைய.

அந்தப் போர்வை ஒரு தடவை நனைந்தால் காய இரண்டு நாள். மழை நாளில் கொடியில் இடம் கிடைக்காது. அரைகுறையாகக் காய்ந்ததை மடித்து வைத்தால் நனைந்த நாய் வாடை. சேலை என்றால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், அதனால் அம்மா இரண்டு பழைய சேலையை மடித்துத்தான் போர்த்துகிறார்.

வாசல் திரைக்கு வருகிறேன். எங்கள் கதவு ஒரே பலகை, கீழே இரண்டு விரல் இடைவெளி. வயசுக்கு வந்த பிள்ளை இருக்கும் வீட்டில் அந்தத் திரை எவ்வளவு பெரிய உதவி என்று ஆண்கள் எழுதும் அறிக்கையில் வராது.

அப்புறம் ஒன்று. துணிமணி, பாய், போர்வை எல்லாம் அரசாங்கமும் கொடுக்கிறது. 2021 ஆகஸ்டில் அப்போது முதல்வராக இருந்த ஸ்டாலின் சட்டசபையில் அறிவித்தபோது மாதாமாதம் தரும் பணக்கொடையைக் குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என்று கூட்டினார்கள். பழுதான 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாகவும் சொன்னார்கள். எங்கள் முகாமில் கொஞ்சம் பேர் புது வீட்டுக்குப் போய்விட்டார்கள், அவர்களுக்குத் தரை உயரம், கூரை கான்கிரீட். நாங்கள் இன்னும் பழைய வரிசை. ரோஜாப்பூப் போர்வை இரண்டு வரிசைக்கும் ஒன்றுபோல் கொடுத்தார்கள்.

பழங்காநத்தம் பாண்டி | செவ்வாய், காலை 7.05

தங்கச்சி, தெரியாமல் எழுதிவிட்டேன். ஃபேன் விஷயத்தை விட்டுவிடுங்கள்.

பணிநிறைவு வாத்தியார் | செவ்வாய், காலை 9.45

எனக்கு இந்த விவாதமே பிடிக்கவில்லை. நல்ல மனசோடு கொடுத்திருக்கிறார்கள். கொடுத்ததை மறுபடி போய் "பயன்பட்டதா, எத்தனை தடவை போர்த்தினாய்" என்று கேட்பது வாங்கியவரையும் கூச வைக்கும், கொடுத்தவரையும் சிறுமைப்படுத்தும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று சும்மாவா சொன்னார்கள்?

கணக்குப்பிள்ளை | செவ்வாய், காலை 9.52

ஐயா, அந்தப் பழமொழி மாட்டை வாங்கியவனுக்குச் சொன்னது. கொடுக்கிறவன் ஓட்டிக்கொண்டு போவதற்கு முன்னால் பல்லைப் பார்க்கலாம், தப்பில்லை.

தகரக்கொட்டகை | செவ்வாய், மதியம் 1.10

வாத்தியார் ஐயா சொல்வதில் பாதி உண்மை. கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் கூச்சம் கேள்வியில் இல்லை ஐயா. வரிசையில் நிற்க வைத்து, பேரைக் கூப்பிட்டு, போர்வையின் ஒரு முனையை அவர்களும் மறு முனையை நாங்களும் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்ப்போமே, அதில் இருக்கிறது. என் தம்பி பத்தாவது படிக்கும்போது அந்த ஃபோட்டோவை அவன் வகுப்புப் பையன் ஒருவன் ஃபேஸ்புக்கில் பார்த்துவிட்டான். அதற்குப் பிறகு எது கொடுத்தாலும் தம்பி வாங்க வருவதில்லை. "என்ன தேவை" என்று முன்கூட்டி யாராவது கேட்டிருந்தால் நாங்கள் மனம் விட்டுச் சொல்லியிருப்போம்.

பணிநிறைவு வாத்தியார் | செவ்வாய், மதியம் 2.30

பழமொழிக்கு நான் தோற்றேன். ஃபோட்டோ விஷயம் எனக்குத் தோன்றாமல் போனது, அம்மா.

வைகைக்கரை | செவ்வாய், இரவு 8.20

கொடுத்த சாமானை விற்றுவிடுகிறார்கள் என்ற புகார் எப்படியும் இங்கே வரும், அதனால் முந்திக்கொள்கிறேன். லெபனானிலும் போர்வை, அடுப்பு எல்லாம் சந்தைக்கு வந்தது. விற்றால் மோசடி என்று மேலதிகாரிகள் குதிப்பார்கள். ஒரு வீட்டில் ஏழு போர்வை இருந்து மருந்து இல்லாவிட்டால் நானும் போர்வையைத்தான் விற்பேன். சந்தையில் எந்தச் சாமான் குவிகிறது என்று பார்த்தாலே நாம் எதை அளவுக்கு மேல் கொடுத்துவிட்டோம் என்பது தெரிந்துவிடும்.

சுனாமி சமயத்தில் நாகப்பட்டினம் பக்கம் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். நாடு முழுவதிலிருந்தும் வந்த பழைய துணி ரோட்டோரம் மலை மாதிரி கிடந்தது. உடுத்துவார் இல்லை. அள்ளுவதற்கே தனியாக ஆள் போட வேண்டியிருந்தது.

இதற்கு நேர்மாறாக ஒன்று. 2005 அக்டோபர் 8 காஷ்மீர் நிலநடுக்கம். பனிக்காலம் வாசலில் நிற்கிறது, லட்சக்கணக்கான குடும்பங்கள் வெட்டவெளியில். வந்து இறங்கிய கூடாரங்களில் பல, பனி தாங்காதவை. அங்கே உதவியது தகர ஷீட்டும் ஆணியும் சுத்தியலும். இடிந்த வீட்டு மரத்தையே வைத்து, பனி விழுவதற்குள் வீட்டுக்கு ஓர் அறையாவது சூடாக நிற்கட்டும் என்று முடிவு செய்தார்கள். முழு வீட்டைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளி வைத்தார்கள்.

தகரக்கொட்டகை எழுதியதைப் படித்ததிலிருந்து இதுதான் என் மண்டையில் ஓடுகிறது. இங்கே குளிரை விட ஈரம்தான் பிரச்சினை. மேலூர்க்காரர் போர்வையை மட்டும் அளந்து பார்த்தால் அந்த ஈரம் அறிக்கைக்குள் வராமலே போய்விடும்.

மேலூர்க்காரன் | செவ்வாய், இரவு 10.45

படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சரி, மறுபடி போகிறேன். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது? வைகைக்கரை அண்ணே, உங்கள் ஆட்கள் வைத்திருக்கும் படிவம் ஏதாவது இருந்தால் கொடுங்கள்.

வைகைக்கரை | புதன், காலை 6.00

படிவம் வேண்டாம். பெரிய நிறுவனங்கள் ஆறு கேள்வி வைத்திருக்கின்றன. தேவைக்குப் பொருந்தியதா, மற்றவர்கள் செய்வதோடு ஒத்துப்போனதா, நினைத்தது நடந்ததா, செலவு சிக்கனமா, விளைவு என்ன, நிலைக்குமா. இதில் இரண்டாவது, 2019இல்தான் சேர்த்தார்கள். அரசாங்கப் போர்வையும் உங்கள் போர்வையும் ஒரே பீரோ மேல் இருக்கிறது பாருங்கள், அது இந்த இரண்டாவது கேள்வி. உங்கள் 78,800க்கு முதல் இரண்டு கேள்வியே போதும்.

ஒரு யோசனை. லெபனானில் 500 மீட்டர் கோடு மாதிரி, உங்கள் முகாமிலும் புது வீடு, பழைய வீடு இருந்தால் இரண்டிலும் கேளுங்கள். ஒரே போர்வை, இரண்டு விதத் தரை. வித்தியாசம் தெரியும். முகாம் தலைவர் காட்டும் வீடுகளுக்கு மட்டும் போகாதீர்கள். கொடுத்த பட்டியலில் பத்தாவது பேர், இருபதாவது பேர் என்று எடுங்கள்.

தகரக்கொட்டகை | புதன், காலை 8.40

"பிடித்திருந்ததா" என்று கேட்காதீர்கள், எல்லோரும் பிடித்திருந்தது என்றுதான் சொல்வார்கள். அடுத்த வருஷம் பேர் விட்டுப்போய்விடும் என்று பயம் இருக்கும். "போன கார்த்திகையில் பெரிய மழை அன்றைக்கு ராத்திரி எங்கே படுத்தீர்கள், எதை முதலில் எடுத்து மேலே வைத்தீர்கள்" என்று கேளுங்கள். அதற்குப் பொய் சொல்ல யாருக்கும் தோன்றாது.

கேட்பது நீங்களாக இருக்க வேண்டாம், ஒரு பெண்ணை அனுப்புங்கள். ஆண்கள் பாதிப் பேர் பெயிண்டிங் வேலைக்கு வெளியூர் போயிருப்பார்கள், பகலில் வீட்டில் இருப்பது பெண்கள்தான். வெளியாள் உள்ளே வர அனுமதி வாங்க வேண்டும், அதை முன்னாலேயே பாருங்கள். முடிந்தால் மழை பெய்த மறுநாள் காலையில் வாருங்கள்.

மேலூர்க்காரன் | நான்கு வாரம் கழித்து, சனி, இரவு 9.15

போய்விட்டு வந்தேன். அனுமதிக்கு மூன்று வாரம் ஆனது, அதற்குள் ஐப்பசி பிறந்துவிட்டது. வியாழன் ராத்திரி நல்ல மழை. வெள்ளி காலை ஆறரைக்கு நானும் என் மனைவியும் போய் நின்றோம். கேட்டது எல்லாம் அவள்தான். நான் வெளியே சாக்கடை ஓரம் நின்று எழுதிக்கொண்டேன்.

22 வீடு. போர்வையைத் தினமும் போர்த்துவது 9 வீட்டில், அதில் 7 புது வீடு. பையோடு அப்படியே வைத்திருப்பது 5. பாய்க்கு அடியில் விரித்திருப்பது 3. திரை 2. வேறு முகாமில் இருக்கும் தங்கை பிரசவத்துக்குக் கொடுத்து அனுப்பியது 1. மீதி 2 வீட்டில் எங்கள் தாளில் கையெழுத்து இருக்கிறது, போர்வை வரவில்லை. அன்றைக்கு அவர்கள் ஊரில் இல்லை, வேறு யாரோ போட்டிருக்கிறார்கள். யார் என்று நான் கிளறவில்லை.

இந்த 22இல் சேராத வீடு ஒன்று, பழைய வரிசையில் கடைசி. அங்கே ஒரு பாட்டி, தனியாக இருக்கிறார். கட்டில் மேல் அரிசி மூட்டை, மூட்டையைச் சுற்றி எங்கள் மயில் போர்வை. பாட்டி தரையில் இரண்டு செங்கல் வைத்துப் பலகை போட்டுப் படுத்திருக்கிறார். நாங்கள் போனபோது பலகையின் அடியில் தண்ணீர் இன்னும் வடியவில்லை. என் மனைவி, "ஏன் பாட்டி, நீங்கள் மேலே படுத்து மூட்டையைக் கீழே வைக்கக் கூடாதா" என்று கேட்டாள். "அரிசி நனைஞ்சா மாசம் போச்சுது பிள்ளை. நான் நனைஞ்சா காஞ்சிடுவன்" என்றார்.

சிங்கப்பூர் நண்பனுக்கு அன்று ராத்திரியே எழுதி அனுப்பிவிட்டேன். இரண்டு பக்கம் வரவில்லை, ஒன்றரைதான். 22 வீட்டுக் கணக்கை அப்படியே போட்டேன், கையெழுத்து விஷயத்தையும் மறைக்கவில்லை. ஃபோட்டோ ஒன்றும் அனுப்பவில்லை. இந்தத் தடவை போர்வை வேண்டாம், பழைய வரிசை வீடுகளுக்கு மட்டும் தார்ப்பாய், கயிறு, தரையிலிருந்து ஓர் அடி தூக்கி வைக்க இரும்பு ஸ்டாண்டு என்று கேட்டிருக்கிறேன். அவன் பதில்: "போர்வை என்றால் நாலு பேரிடம் கேட்க சுலபம், ஸ்டாண்டுக்கு யார்டா காசு கொடுப்பான்?" பிறகு பத்து நிமிஷம் கழித்து, "சரி, கேட்டுப் பார்க்கிறேன்" என்று அனுப்பினான்.

கணக்குப்பிள்ளை | சனி, இரவு 9.40

பழைய வரிசையில் எத்தனை வீடு?

மேலூர்க்காரன் | சனி, இரவு 9.42

38.

கணக்குப்பிள்ளை | சனி, இரவு 9.55

தார்ப்பாய் 1,000 பக்கம் வரும், ஸ்டாண்டை வெல்டிங் பட்டறையில் மொத்தமாகச் சொன்னால் 800க்குள் முடிக்கலாம். கயிறு 60. ஆக 38 வீட்டுக்கு 70,680. போன தடவைச் செலவான 78,800இல் வேன் போக மீதி இருக்கும். ஃபிளக்ஸ் அடிக்காதீர்கள். பட்டறை எனக்குத் தெரிந்த ஒன்று அவனியாபுரத்தில் இருக்கிறது, தனிச் செய்தியில் நம்பர் தருகிறேன்.

வைகைக்கரை | ஞாயிறு, காலை 6.10

கையெழுத்து விஷயத்தை மறைக்காமல் எழுதினீர்களே, அதற்கு ஒரு கும்பிடு. கார்த்திகை பிறப்பதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள் தம்பி.

தகரக்கொட்டகை | ஞாயிறு, காலை 7.30

தார்ப்பாய் வாங்கும்போது அளவைக் கவனியுங்கள் அண்ணா. கடையில் 12க்கு 12 தள்ளப் பார்ப்பார்கள், பத்துக்குப் பத்து வீடுதானே என்று. ஷீட் வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும், சரிவு வேறு. 18க்கு 12 எடுத்தால்தான் சாக்கடைப் பக்கம் இறக்கிக் கட்ட முடியும். ஓரத்தில் பித்தளை வளையம் அடித்ததா என்று பாருங்கள், பிளாஸ்டிக் வளையம் முதல் காற்றிலேயே பிய்ந்துவிடும். நீல நிறம் சீக்கிரம் வெளுத்துக் கிழியும், கறுப்பு கொஞ்சம் தாங்கும். அந்தப் பாட்டிக்கு ஸ்டாண்டு இரண்டு கொடுங்கள், மூட்டைக்கு ஒன்று, பலகைக்கு ஒன்று.